இரண்டாவது அழுத்தலில் வந்த வண்டி

அத்தியாயம் 11

காலையில் எழுந்ததிலிருந்து வக்கீலம்மா கண்ணாடிப் பக்கமே போகவில்லை. தலையை விரலாலேயே கோதி முடிந்துகொண்டு ஆபீசுக்கு வந்துவிட்டாள். நேற்று சாயங்காலம் ஒரு ஹால் நிறைய ஆட்களுக்கு நடுவில் நின்று, விரலை நீட்டி, "இந்தப் பொண்ணுதான்" என்று முழங்கிய முகம் அது. அதைப் பார்க்க அவளுக்கே சகிக்கவில்லை. காரணம், விடிந்ததும் விடியாததுமாக வந்த ஒரு போன்.

வக்கீலம்மா நிஜமாகவே வக்கீலுக்குப் படித்தவள். கோர்ட் படி ஏறினதைவிடத் தோற்று இறங்கினது அதிகம் என்பதால் துப்பறிய வந்துவிட்டாள். அவளுடைய உதவியாளனுக்கு டமாரம் என்று பட்டப்பேர். வைத்தவர்கள் அவனை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் வைத்தார்கள்.

கேஸ் இதுதான். ஆம்புலன்ஸ் அனுப்பும் ஒரு சின்ன நிறுவனம். செல்போனில் அவர்கள் பக்கத்தைத் திறந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினால் வண்டி வீடு தேடி வரும். இரவில் மட்டும் போன் செய்ய வேண்டும். பொத்தான் அழைப்பை வாங்கிக்கொள்வது முன்னால் நிற்கிற ஒரு கம்ப்யூட்டர். எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து அனுப்புவது பின்னால் இருக்கிற இன்னொன்று. முன்னதுக்குப் பொறுப்பு அண்ணன், பின்னதுக்குத் தங்கை. ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். தங்கை தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டதிலிருந்து அண்ணன் அவளோடு பேசுவதில்லை. வீட்டுச் செய்தி அம்மா வழியாகப் போகும், ஆபீஸ் செய்தி மேனேஜர் வழியாக.

கொஞ்ச நாளாக முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் அழைப்புகள் தொலைந்துகொண்டிருந்தன. மூச்சுத் திணறிய ஒரு பெரியவரைக் காய்கறி லாரியில் மூட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி ஆனது. பிழைத்துக்கொண்டார், அது நிறுவனத்தின் அதிர்ஷ்டம். தொலைந்த அழைப்பெல்லாம் மதிய ஷிஃப்டில், தங்கை உட்கார்ந்திருக்கும்போது. அண்ணனுடைய காலை ஷிஃப்டில் ஒன்றுகூட இல்லை. இதை வைத்துத்தான், அவள் வேண்டுமென்றே கெடுக்கிறாள் என்று வக்கீலம்மா முடிவு கட்டினாள். நேற்று நிறுவனத்தின் ஹாலில் அவள் இதைச் சொன்னபோது அண்ணன் அங்கேயே நின்றிருந்தான். தங்கைக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. கூடப்பிறந்தவனே பேசவில்லை என்றால் உண்மையாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். முதலில் நினைத்தவள் வக்கீலம்மா.

இன்று மதியம் மேனேஜர் அந்தப் பெண்ணை வேலையை விட்டு அனுப்பப்போகிறார். போலீஸ் புகாரும் கையெழுத்துக்குத் தயாராக இருக்கிறது.

"மேடம், அந்த போன்ல அப்படி என்னதான் சொன்னாங்க?" என்றான் டமாரம். "உங்க முகத்தைப் பாத்தா நம்ம ஆபீசையே யாரோ திருடிட்டுப் போன மாதிரி இருக்கு."

"ஒரு தையல்கார அம்மா. அவங்க அழைப்பும் ஒரு நாள் நடுவுல தொலைஞ்சு விழுந்திருக்கு. காலையில. அன்னிக்கு அந்தப் பொண்ணு ஆபீஸ்லயே இல்ல, லீவு."

டமாரம் விசிலடிக்கப் போய், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உதட்டை மூடிக்கொண்டான். மூடினது ஒரு நிமிஷம்தான்.

"அப்போ ஆழம் தெரியாம காலை விட்டுட்டோம். நீங்க காலை விட்டீங்க, நான் பின்னாடியே குதிச்சேன்."

"வண்டியை எடு."

தையல் கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. வெட்டின பள்ளிக்கூடச் சட்டைகள் கை இல்லாமல், காலர் இல்லாமல் குவிந்து கிடந்தன. தையல்கார அம்மா மிதிப்பதை நிறுத்தவே இல்லை.

"எத்தனை தடவை சொல்றது? மாமனார் குளியலறையில வழுக்கி விழுந்துட்டார். பொத்தானை அழுத்தினேன். போன்ல சக்கரம் சுத்துச்சு, சுத்துச்சு, சுத்திக்கிட்டே இருந்துச்சு. கடைசியில 'இப்போது இயலாது'ன்னு வந்துச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! இயலாதாம்ல, யாரைக் கேட்டு இயலாதுன்னு மறுபடியும் ஒரு அழுத்து அழுத்தினேன். சட்டுனு போயிடுச்சு. வண்டி வந்துச்சு, கூட்டிட்டுப் போச்சு. இப்ப நல்லா இருக்கார், என்னைத் திட்டற அளவுக்கு."

"ரெண்டாவது தடவை உடனே போச்சா?" வக்கீலம்மா முன்னால் சாய்ந்தாள்.

"உடனே. இதைத்தான் போன வாரமே உங்க ஆபீசுக்கு போன் பண்ணிச் சொன்னேன். எவளோ ஒரு அம்மா எடுத்தா. 'அது காலையில நடந்ததா? அப்போ இந்தக் கேசுக்குச் சம்பந்தம் இல்லைம்மா'ன்னு பட்டுன்னு வச்சுட்டா. அவளை மட்டும் நேர்ல பாத்தேன்னா..."

டமாரம் கூரையைப் பார்த்தான். கூரையில் ஒன்றும் இல்லை.

"அந்த அம்மா நான்தான்" என்றாள் வக்கீலம்மா.

மெஷின் நின்றது. தையல்கார அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. "சரி விடுங்க, இப்பவாவது வந்தீங்களே" என்று சொல்லிவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

காரில் ஏறியதும் டமாரம் கேட்டான்: "மேடம், கெடுக்கணும்னு நினைக்கிறவ முதல் தடவை கதவைப் பூட்டிட்டு, ரெண்டாவது தடவை 'வாங்க வாங்க'ன்னு திறந்து விடுவாளா?"

"மாட்டா. அதைத்தான் நானும் யோசிக்கிறேன். ஆனா முன்னாடி பின்னாடின்னு இந்த ரெண்டு சர்வரும் எப்படிப் பேசிக்குதுன்னு நமக்கு ஒரு மண்ணும் தெரியாதே."

"எனக்குத் தெரிஞ்ச சர்வரெல்லாம் டேபிள் துடைக்கிறவங்கதான். தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுட வேண்டியதுதான்."

"யாரு?"

டமாரம் பதில் சொல்லாமல் செல்போனை எடுத்தான். யாரைக் கூப்பிடுகிறான் என்று புரிந்ததும் வக்கீலம்மாவுக்குக் காதெல்லாம் சூடானது. "நீயே பேசு. நான் கேள்வியைச் சொல்றேன், நீ கேளு" என்றாள் தாழ்ந்த குரலில்.

"வணக்கம்மா, டமாரம் பேசறேன். மேடம் ஒரு சந்தேகம் கேக்கச் சொன்னாங்க..."

"அவங்களுக்கு வாய் இல்லையா?" என்றது தங்கையின் குரல். "நேத்து இருந்துச்சே."

வக்கீலம்மா கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டாள். நேற்று ஹாலில் அவ்வளவு சரளமாக வந்த பேச்சு இப்போது தட்டுத் தடுமாறித்தான் வந்தது.

"நான்தாம்மா பேசறேன். நேத்து நான் சொன்னது தப்புன்னு தோணுது. நிச்சயமாத் தெரிஞ்சதும் எந்த இடத்துல சொன்னேனோ அதே இடத்துல வந்து சொல்றேன். அதுக்கு உன் உதவியையே கேக்க வேண்டியிருக்கு. எனக்கு வெக்கமாத்தான் இருக்கு."

"கேளுங்க" என்றாள் தங்கை.

"முன்னாடி இருக்கிறது பின்னாடி இருக்கிறதை எப்படிக் கூப்பிடுது?"

"ஒவ்வொரு தடவையும் புதுசா கூப்பிட்டா நேரமாகும். அதனால ஒரு தடவை இணைப்பு போட்டா, பேசி முடிச்சாலும் வைக்காது. ரிசீவரைக் காதுலயே வச்சுக்கிட்டு நிக்கும்னு வச்சுக்கங்க. அடுத்த ஆள் பொத்தானை அழுத்தினா அதே லைன்ல பேசும்."

"நடுவுல யாராவது அந்த லைனை அறுத்துட்டா?"

"முன்னாடி நிக்கிறதுக்குத் தெரியாது. செத்த லைன்ல பேசிட்டு பதிலுக்குக் காத்திருக்கும். ரொம்ப நேரம் வரலைன்னா 'இயலாது'ன்னு சொல்லிட்டு அந்த லைனைத் தூக்கிப் போட்டுடும். அடுத்து வர்றவங்களுக்குத்தான் புது இணைப்பு."

"அதாவது முதல் அழுத்தல் போகாது. ரெண்டாவது சட்டுனு போகும்."

தங்கையின் குரல் மாறியது. "ரெண்டாவது போகுதா? அதை யாருமே எனக்குச் சொல்லலையே! அப்போ நடுவுல ஏதோ, சும்மா கிடக்கிற இணைப்பை வெட்டுது. தொடர்ந்து ஆள் வந்தா வெட்டாது. கொஞ்ச நேரம் யாரும் வரலைன்னா வெட்டிடும். ஆனா..." அவள் நிறுத்தினாள். "அங்க வெட்டறதுக்கு நடுவுல எதுவுமே கிடையாது மேடம். நேரடி இணைப்புதான்."

"நீ லீவு போட்ட அன்னிக்குக் காலையில ஒரு தையல்கார அம்மா அழைப்பும் விழுந்திருக்கு. அன்னிக்கு நீ ஆபீசுக்கே வரலை, இல்லையா?"

"ஆமா. எங்கம்மாவுக்கு ஆபரேஷன். காலையிலேர்ந்து ஆஸ்பத்திரிலதான் இருந்தேன்."

"மதியம் ஆபீசுக்கு வா."

"வந்துதானே ஆகணும்? அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்காங்களே" என்று சொல்லிவிட்டு அவள் வைத்தாள்.

ஆம்புலன்ஸ் ஆபீசில் மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றினார். "நேத்து நீங்கதானே மேடம் அவ்வளவு உறுதியாச் சொன்னீங்க?"

"சொன்னேன். இன்னிக்கு என் வாயாலயே இல்லைன்னு சொல்ல வந்திருக்கேன். மதிய நேரம் ஆள் வராத நேரம். சும்மா இருக்கும்போது இணைப்பு அறுந்துடுது. அந்தப் பொண்ணு மதியத்துல உக்காந்திருந்தா, அவ்வளவுதான். காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை."

அண்ணன்காரன் தன் மேஜை ஓரத்தில் நின்றிருந்தான். இஸ்திரி கலையாத சட்டை, நேற்றைப் போலவே தரையைப் பார்க்கும் கண். வக்கீலம்மா அவன் பக்கம் திரும்பினாள்.

"முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"ஃபயர்வால் ஒண்ணு போட்டிருக்கேன்" என்றான் தயங்கி. "காவலுக்கு. முன்வாசல்ல கண்டவன் நுழைஞ்சா பின்னாடி போய்டக் கூடாதுன்னு."

"வாட்ச்மேன் மாதிரி" என்றான் டமாரம். "ரொம்ப நேரம் யாரும் வரலைன்னா கேட்டை இழுத்துச் சாத்திட்டுத் தூங்கப் போயிடுவாரோ?"

"தங்கச்சிக்கு இது தெரியுமா?" என்றாள் வக்கீலம்மா.

"சொல்ற சந்தர்ப்பம் வரலை." உடனே நிமிர்ந்து, கொஞ்சம் வேகமாகவே சொன்னான்: "ஆனா மேடம், அது வெட்டறதா இருந்தா என் ஷிஃப்டுலயும் விழணுமே? காலையிலயும் ஆள் வராத நேரம் நிறைய இருக்கு."

நியாயமான கேள்வி. தையல்கார அம்மாவின் அந்த ஒரு அழைப்பைத் தவிரக் காலையில் எதுவும் விழவில்லை. சோதித்துப் பார்த்துவிடலாம் என்றாள் வக்கீலம்மா. மேனேஜர் சம்மதித்தார். கொஞ்ச நேரத்துக்குப் பொதுமக்களுக்குத் தொலைபேசி எண் மட்டும் தெரியும்படி மாற்றி, வண்டி ஓட்டுநர்களிடம் இது சோதனை என்று சொல்லிவைத்தார்கள். எல்லாரும் மேஜையை விட்டு எழுந்து சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. போதுமான நேரம் ஆனதும் வக்கீலம்மா தன் செல்போனில் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். இந்நேரம் இணைப்பு அறுந்திருக்கும், சக்கரம் சுற்றும், எல்லாரும் பார்ப்பார்கள்.

சக்கரம் சுற்றவே இல்லை. 'வண்டி புறப்பட்டது' என்று பளிச்சென்று வந்தது.

ஹாலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வக்கீலம்மாவுக்குக் கழுத்துவரை வியர்த்தது. நேற்று இதே இடத்தில் ஒரு பெண்ணைக் கவிழ்த்தாள், இன்று தானே கவிழ்ந்தாள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் புகாரைக் கையில் எடுத்தார்.

"மேடம், இது ரெண்டாவது மூக்குடைப்பு" என்று டமாரம் காதருகே முனகினான். "நம்மகிட்ட இருக்கிறது ஒரே மூக்கு. கிளம்பிடலாமா?" பிறகு சுவரைப் பார்த்து, "நாமதான் மூச்சுவிடாம நிக்கறோம், அது மட்டும் விக்கிக்கிட்டே இருக்கு பாருங்க" என்றான்.

"எது?"

சுவரில் ஒரு பெரிய திரை. முன்னாலிருந்து பின்னால் போகிற ஒவ்வொரு கேள்விக்கும் அதில் ஒரு பச்சைக் கோடு எழும்பும். யாருமே எதையும் தொடாத இந்த நேரத்தில் அது தட்டையாகக் கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. குட்டிக் குட்டியாக, சீராக, விக்கல் மாதிரி எழும்பிக்கொண்டே இருந்தது.

வக்கீலம்மா அதையே பார்த்தாள். "டமாரம், இன்னிக்குத்தான் உன் வாய்க்கு ஒரு உபயோகம்" என்றாள். "லைன் சும்மா இல்லை. யாரோ பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருக்காங்க."

அவள் மேஜை மேஜையாக நடந்தாள். எல்லாத் திரையும் பூட்டிக் கிடந்தன. அண்ணன்காரன் மேஜையில் திரை அணைந்திருந்தது, ஆனால் கீழே கம்ப்யூட்டர் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து திரையைப் போட்டாள். சிவப்புப் பொத்தான் பக்கத்தின் ஒரு மூலை, அதில் வண்டிகளின் நிலவரம். யாரும் தொடாமலே அது புதுப்பித்துக்கொண்டது. சில நொடிகள் போனதும் மறுபடி புதுப்பித்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் சுவரில் ஒரு விக்கல்.

"அது சும்மா... ஒரு சோதனைக்கு..." என்றான் அண்ணன்காரன்.

"மூடுங்க."

அவன் கை நகரவில்லை. டமாரம் மூடினான். சுவரில் கோடு படுத்துவிட்டது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. காத்திருந்துவிட்டு வக்கீலம்மா பொத்தானை அழுத்தினாள். சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. 'இப்போது இயலாது.' மறுபடி அழுத்தினாள். 'வண்டி புறப்பட்டது.'

"அம்மா ஆபரேஷன் அன்னிக்குக் காலையில நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரில."

"உங்க கம்ப்யூட்டர்?"

"அணைஞ்சிருந்துது."

"அதான் அன்னிக்கு மட்டும் காலையிலயே விழுந்திருக்கு. இந்த ஜன்னலைத் திறந்து வச்சு உங்க ஷிஃப்டுல மட்டும் லைனை உயிரோட வச்சிருந்தீங்க. வீட்டுக்குப் போகும்போது அணைச்சுட்டுப் போனீங்க. அதுக்கப்புறம் வந்து உக்காந்தவ தலையில எல்லாம் விழுந்துது."

அவன் மறுக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற திறமை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

"அவ மேல பழி வரணும்னு செய்யலை மேடம். ஃபயர்வால் போட்டப்போ அவகிட்ட சொல்லியிருக்கணும். பேச்சுவார்த்தை இல்லாததால சொல்லலை. அந்த நாள்லேர்ந்தே தற்செயலா இந்தப் பக்கம் என் கம்ப்யூட்டர்ல திறந்தே கிடந்துது, என் ஷிஃப்டுல எதுவும் விழலை. மதியத்துல மட்டும் ஏன் விழுதுன்னு யோசிச்சப்பத்தான் காரணம் புரிஞ்சுது. வெட்டற நேரத்தை மாத்திடலாம்னு உக்காந்தேன். அதே நாள்தான் அந்தப் பெரியவரை லாரியில கொண்டு போனாங்க. மாத்தினா மாத்தினது பதிவாகும், இது உன் தப்பான்னு கேப்பாங்க. ஒரு உயிர் போகப் பாத்துது மேடம். நான்தான்னு சொல்ல வாய் வரலை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..."

"நேத்து அவளைக் கைகாட்டினேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"வாயைத் திறந்தேன். நீங்க என்னைப் பாத்து, 'பாருங்க, கூடப்பிறந்தவருக்கே தெரிஞ்சிருக்கு'ன்னு சொன்னீங்க. மூடிட்டேன்."

வக்கீலம்மாவுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. சொல்லிவிட்டுத் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் இருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவத்தில் ஒரு பங்கு தனக்கும் உண்டு என்று அவளுக்குத் தெரிந்தது.

"முதல்ல அதைச் சரி பண்ணுங்க. வெளியில ஆளுங்க கூப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க."

உட்கார்ந்தான். ஃபயர்வால் வெட்டும் நேரத்தை நீட்டினான். அந்த நேரம் வருவதற்கு முன்பே முன்கம்ப்யூட்டர் பழைய இணைப்பைத் தானாக விட்டுவிடும்படி மாற்றினான். ஒரு காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் அதுதான் மனதில் ஓடியது. மேனேஜர் புகாரை நாலாகக் கிழித்து, எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

தங்கை உள்ளே வந்தபோது அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் சுற்றி வைத்திருந்தாள். வக்கீலம்மா நேற்று நின்ற அதே இடத்துக்குப் போய் நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. நேத்து இங்க நின்னு இந்தப் பொண்ணு வேணும்னே கெடுத்தான்னு சொன்னேன். பொய். சரியா விசாரிக்காம சொன்னேன். எனக்கு வந்த ஒரு சாட்சியை, என் முடிவுக்கு ஒத்துவரலைன்னு நானே ஒதுக்கித் தள்ளினேன். அவ பேர்ல எந்தத் தப்பும் இல்லை. என்னை மன்னிச்சிடும்மா."

தங்கை தலையை மட்டும் அசைத்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. வக்கீலம்மாவும் அதை எதிர்பார்க்கவில்லை.

அண்ணன்காரன் மெல்ல வக்கீலம்மா பக்கம் வந்தான். "மேடம், மத்ததையும் நீங்களே அவகிட்ட சொல்லிடுங்களேன்."

"மாட்டேன். நடுவுல நிக்க இனிமே ஆள் கிடையாது. நீங்களே சொல்லுங்க."

சொன்னான். தரையைப் பார்த்தபடி, பாதி வார்த்தைகளை முழுங்கி முழுங்கிச் சொன்னான். ஃபயர்வால், திறந்து வைத்த பக்கம், அணைத்துவிட்டுப் போனது, எல்லாவற்றையும் சொன்னான்.

"எப்போலேர்ந்து தெரியும் உனக்கு?" என்றாள் தங்கை கடைசியில்.

"லாரியில கொண்டு போனாங்களே, அப்போலேர்ந்து."

"அப்போ அம்மா ஆபரேஷன் அன்னிக்கு?"

"தெரியும்."

தங்கை அட்டையின் கயிற்றை விரலிலிருந்து பிரித்தாள். கோபமாகப் பேசுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் குரல் உயரவில்லை.

"கட்டிலுக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். ஏன்டி முகம் வாடியிருக்குன்னு அம்மா கேட்டாங்க. ஆபீஸ்ல எல்லாரும் என் கையிலதான் ஏதோ கோளாறுன்னு பேசறாங்கம்மான்னு சொன்னேன். அம்மா உன் கையைப் பிடிச்சு, 'பெரியவன் நீ, அவ கூட நில்லுடா'ன்னாங்க."

அண்ணன்காரன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"'நிக்கறேம்மா'ன்னு சொன்ன" என்றாள் தங்கை. "அதைக் கேட்டப்புறம்தான் அம்மா பயமில்லாம உள்ள போனாங்க."